கேம்பர் சாண்ட்ஸ் கடற்கரைக்குக் குடும்பத்தோடு செல்பவர்களுக்கு

ஊரிலிருந்து வந்திருக்கும் பெற்றோரையும் இரண்டு சிறு பிள்ளைகளையும் ஓகஸ்ட் மாதத்தில் ஒரு நாள் லண்டனிலிருந்து கேம்பர் சாண்ட்ஸ் கடற்கரைக்குக் கூட்டிச் செல்ல விரும்புவதாகச் சொல்லி, கார் இல்லாமல் போய்வர முடியுமா, பிள்ளைகள் கடலில் இறங்கலாமா, எந்த நாள் நல்லது என்று கேட்டிருந்தீர்கள். கார் இல்லாமல் போய்வரலாம், பிள்ளைகளும் இறங்கலாம். ஆனால் எந்த நாள் என்ற கேள்விதான் மற்ற இரண்டையும் விட முக்கியமானது. எனவே அதற்கே இந்தப் பதிலில் அதிக இடம் கொடுக்கிறேன். பொதுவாக நாம் வானிலையைப் பார்த்துக் கடற்கரைக்கு நாள் குறிக்கிறோம். கேம்பரைப் பொறுத்தவரை முதலில் பார்க்க வேண்டியது வற்றுப்பெருக்கு அட்டவணை. கடல் எத்தனை மணிக்கு ஏறுகிறது, எத்தனை மணிக்கு வற்றுகிறது என்று தெரிந்துகொண்ட பிறகுதான் வெயிலையும் மழையையும் பார்க்க வேண்டும்.

முதலில் இடத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். கிழக்கு சசெக்ஸ் மாவட்டத்தில், ரை என்ற பழைய சிறு நகரத்திலிருந்து ஆறு கிலோமீற்றர் அளவு தொலைவில், ரொதர் ஆறு கடலில் கலக்கும் இடத்துக்குக் கிழக்கே இந்தக் கரை தொடங்கி, ஏறத்தாழ ஐந்து கிலோமீற்றர் நீளத்துக்குச் செல்கிறது. பிரைட்டன், ஹேஸ்டிங்ஸ் போன்ற ஊர்களுக்குப் போனவர்களுக்குத் தெரியும், இங்கிலாந்தின் தென்கிழக்குக் கரையில் காலடியில் கிடப்பது பெரும்பாலும் கூழாங்கற்கள்தான். கேம்பரில் மட்டும் கண்ணுக்கெட்டிய தூரம் வரை மென்மையான வெளிர்மணல். அதன் பின்னால் வீட்டுக்கூரை உயரத்துக்கு எழுந்த மணற்குன்றுகள். சஹாரா பாலைவனமாகக் காட்டுவதற்குத் திரைப்படக்காரர்கள் இங்கு வந்து படம் பிடித்திருக்கிறார்கள் என்றால் அந்த மணலின் பரப்பை ஊகித்துக்கொள்ளலாம். ரை வளைகுடா ஆழம் குறைந்தது. வற்றும்போது வெளிப்படும் ஈரமணல் காய்ந்ததும், தென்மேற்கிலிருந்து வீசும் காற்று அதை அள்ளிக்கொண்டு வந்து கரையோரம் குவிக்கிறது. இன்றும் அந்தக் குன்றுகள் வளர்ந்துகொண்டேதான் இருக்கின்றன. காற்று பலமாக வீசும் நாட்களில், கணுக்கால் உயரத்தில் மணல் புகைபோல ஓடி வருவதையும், அது வேலிகளைத் தாண்டி ஊர்த் தெருவரை போய்ச் சேர்வதையும் காணலாம்.

இந்தக் கரை மிகவும் தட்டையானது. அதன் அழகும் அதுதான், ஆபத்தும் அதுதான். நம்மவர்களுக்கு இதை நான் குறிப்பாக எடுத்துச் சொல்ல விரும்புவதற்கு ஒரு காரணம் உண்டு. யாழ்ப்பாணத்தில் வளர்ந்த ஒருவருக்குக் கடற்கரை என்றதும் காரைநகர் கசூரினாவோ அதைப் போன்ற பரவைக் கடலோதான் மனதில் வரும். அங்கே வெகுதூரம் நடந்தாலும் இடுப்பளவு தண்ணீர்தான். ஆழமில்லாத கடல் என்றால் பயமில்லாத கடல் என்பது நமக்குச் சிறு வயதிலேயே பழகிப்போன கணக்கு. அந்தக் கணக்கு அங்கே சரியாக இருப்பதற்குக் காரணம், அங்கு கடல் ஏறி இறங்கும் அளவு ஒரு மீற்றருக்கும் குறைவு என்பதே. கேம்பரிலோ அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் வற்றுக்கும் பெருக்குக்கும் இடையே ஆறு மீற்றருக்கு மேற்பட்ட உயர வேறுபாடு இருக்கிறது. கரை தட்டையாக இருப்பதால், அந்த ஆறு மீற்றர் உயரம் படுக்கைவாட்டில் அரை மைல் தூரமாக விரிகிறது. காலையில் கண்ணுக்குக் கோடாகத் தெரிந்த கடல், பிற்பகலில் குன்றுகளின் அடிக்கு அருகில் வந்து நிற்கும்.

அது ஒரே சீராக முன்னேறி வருவதில்லை என்பதுதான் நாம் கவனிக்க வேண்டியது. வற்றிய மணல்வெளியைக் கூர்ந்து பார்த்தால், கரைக்கு இணையாக நீண்டு கிடக்கும் மேடுகளும், மேடுகளுக்கு இடையே பள்ளங்களும் தெரியும். மேட்டுக்கும் பள்ளத்துக்கும் இடையிலான சரிவு மிக மெதுவானது. நடந்து போகும்போது ஏறியதும் இறங்கியதும் உணரக்கூடப் படாது. கடல் திரும்பத் தொடங்கியதும் தண்ணீர் முதலில் மேடுகளைத் தாண்டி வருவதில்லை. மேடுகள் உடைந்திருக்கும் இடங்கள் வழியாக உள்ளே நுழைந்து பள்ளங்களை நிரப்புகிறது. பள்ளத்தின் அடியில் விரல் அகலத்துக்கு ஒரு நீர்க்கோடு ஓடும். அடுத்துப் பார்க்கும்போது அது பாத அளவுக்கு அகன்றிருக்கும். மணலில் இருந்த அலைவரிகள் ஒவ்வொன்றாக மறையும். கடலைப் பார்த்தபடி மேட்டில் நிற்பவருக்கு முன்னால் எல்லாம் முன்புபோலவே இருக்கும். காலடி மணலும் உலர்ந்தே இருக்கும். அவர் திரும்பிப் பார்க்கும்போது, தனக்கும் கரைக்கும் நடுவே தண்ணீர் பக்கவாட்டில் இழுத்துக்கொண்டு ஓடுவதைக் காண்பார். பள்ளத்தில் சேர்ந்த நீர் மேட்டின் உடைப்புகள் வழியாக மீண்டும் கடலுக்குப் பாயும் இடங்களில் அந்த இழுவை இன்னும் பலமாக இருக்கும். நன்றாக நீந்தத் தெரிந்தவரையும் அது களைக்கச் செய்துவிடும்.

இன்னொரு கணக்கையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். வற்றிலிருந்து பெருக்குக்குப் பொதுவாக ஏறத்தாழ ஆறு மணிநேரம் ஆகும். கடல் ஏறும் மொத்த உயரத்தைப் பன்னிரண்டு பங்காகப் பிரித்தால், முதல் மணியில் ஒரு பங்கு, இரண்டாவது மணியில் இரண்டு, மூன்றாவது, நான்காவது மணிகளில் மும்மூன்று, பின்னர் இரண்டு, ஒன்று என்று தண்ணீர் ஏறும் என்பது கடலோடிகளின் பழைய விதி. முதல் மணிநேரத்தில் கடல் அசைந்ததாகவே தெரியாது. நடு இரண்டு மணிநேரத்தில் மொத்த உயரத்தில் பாதி ஏறிவிடும். கடல் மெதுவாகத்தான் வருகிறது என்று முதல் மணியில் முடிவெடுத்தவர் மூன்றாவது மணியில் மாட்டிக்கொள்கிறார்.

2016 ஓகஸ்ட் 24ஆம் திகதி, கடும் வெயில் அடித்த ஒரு புதன்கிழமை, தென்கிழக்கு லண்டனிலிருந்து இந்தக் கரைக்கு வந்த ஐந்து தமிழ் இளைஞர்கள் இங்கே உயிரிழந்தார்கள். பதினெட்டுக்கும் இருபத்தேழுக்கும் இடைப்பட்ட வயதினர், இலங்கைத் தமிழ்க் குடும்பங்களின் பிள்ளைகள். அவர்களில் இருவர் உடன்பிறந்தோர். உதவிக்கான அழைப்பு பிற்பகல் இரண்டு மணியளவில் போனது. கடல் ஏறிக்கொண்டிருந்த நேரம் அது. பௌர்ணமி கழிந்து ஆறாவது நாள் என்பதால், மிகப் பெரிய பெருக்கு வரும் நாளும் அல்ல, சாதாரண ஏற்றம்தான். அடுத்த ஆண்டு நடந்த மரண விசாரணையில் அது தற்செயலாக நேர்ந்த துயரம் என்று தீர்ப்பாயிற்று. அதே ஆண்டு ஜூலை மாதத்திலும் இங்கே பத்தொன்பது வயது இளைஞர் ஒருவர் மூழ்கி இறந்தார்; அவரைக் காப்பாற்ற இறங்கிய மற்றொருவரும் சில நாட்களில் மருத்துவமனையில் உயிரிழந்தார். அந்தக் கோடையில் இந்த இரு நாட்களிலும் கேம்பரில் உயிர்காப்பாளர்கள் இருக்கவில்லை. ஓகஸ்ட் விபத்துக்குப் பின்னரே, ஆர்.என்.எல்.ஐ. எனப்படும் உயிர்காப்புப் படகுத் தொண்டு நிறுவனத்தின் உயிர்காப்பாளர்கள் இங்கே நிறுத்தப்பட்டார்கள். அன்றிலிருந்து கோடைதோறும் நிற்கிறார்கள். லண்டனில் உள்ள பல தமிழ்க் குடும்பங்களில் கேம்பர் என்ற பெயரைக் கேட்டதும் பேச்சு நின்றுவிடுவதை நான் பார்த்திருக்கிறேன். ஆனாலும் அந்தக் கரைக்குப் போகவே கூடாது என்று சொல்ல எனக்கு மனமில்லை. அந்த இளைஞர்கள் அறியாதிருந்ததை நாம் இன்று அறிவோம். அறிந்ததை நம் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்து, அதன்படி நடந்து போய்வருவதே சரியென்று நினைக்கிறேன்.

அப்படியானால் எந்த நாள்? கோடையில், அமாவாசை அல்லது பௌர்ணமி நாளில் கேம்பரில் பெருக்கு நண்பகலை ஒட்டி வரும். ஒவ்வொரு நாளும் அது சராசரியாக ஐம்பது நிமிடம் பின்தள்ளிப் போகும். எனவே அமாவாசைக்கோ பௌர்ணமிக்கோ ஓரிரு நாள் முன்பாகப் போனால், காலை பத்து, பதினொரு மணிக்கு கடல் நிறைந்திருக்கும். அதன்பின் மாலை வரை வற்றிக்கொண்டே போகும். சிறு பிள்ளைகளோடும் முதியவர்களோடும் போவதற்கு இதுவே மிக நல்ல ஒழுங்கு. நீங்கள் போய்ச் சேரும்போது கடல் அருகில் இருக்கும், அப்பா அம்மா நெடுந்தூரம் நடக்க வேண்டியதில்லை. பிறகு நேரம் ஆக ஆக ஈரமணல் விரிந்து, பள்ளங்களில் தங்கிய நீர் வெயிலில் இளஞ்சூடாகி, பிள்ளைகள் விளையாட ஆழமற்ற குட்டைகள் கிடைக்கும். கடல் திரும்பி ஏறுவதற்கு முன்பே நீங்கள் புறப்பட்டுவிடலாம். அந்த நாட்களில் வற்று மிகவும் ஆழமாக இருக்கும் என்பதால், பின்வாங்கும் தண்ணீரைத் துரத்திக்கொண்டு வெகுதூரம் போகாமல் இருப்பது மட்டுமே கவனிக்க வேண்டியது.

இதற்கு நேர்மாறானது, காலை ஒன்பது, பத்து மணிக்கு வற்று அமையும் நாள். பௌர்ணமிக்கும் அமாவாசைக்கும் ஏறத்தாழ நான்கைந்து நாள் கழித்து இப்படி அமையும். அப்போது காலையில் வருபவர்கள் தொலைவில் கிடக்கும் கடலைத் தேடி மணல்வெளியில் நடந்து போய்விடுகிறார்கள். சாப்பாட்டு நேரத்தில், எல்லோரும் களைத்தும் அசந்தும் இருக்கும்போது, அந்த வேகமான நடு இரண்டு மணிநேரம் வந்துவிடுகிறது. 2016 ஓகஸ்டில் அமைந்ததும் ஏறத்தாழ இப்படிப்பட்ட நாள்தான். வேறு நாளே கிடைக்காவிட்டால், கரையோரத்திலேயே இருந்துவிட்டு, ஏற்றத்தின் கடைசி மணிநேரத்தில் தண்ணீர் உங்களிடம் வரும்வரை காத்திருங்கள். கணக்குப் போடுவது சிரமமாக இருந்தால், ரை அல்லது டோவருக்கான வற்றுப்பெருக்கு நேரத்தை இணையத்தில் பார்க்கலாம்; இரண்டுக்கும் இடையே சில நிமிட வேறுபாடுதான். அட்டவணையில் கோடைக்கால நேரத்துக்குரிய ஒரு மணிநேரம் சேர்க்கப்பட்டிருக்கிறதா என்பதை மட்டும் உறுதிசெய்துகொள்ளுங்கள்.

கடலில் இறங்குவதைப் பற்றி. மேலே சிவப்பும் கீழே மஞ்சளும் கொண்ட இரண்டு கொடிகள் நட்டிருக்கும் இடைவெளிதான் உயிர்காப்பாளர்களின் பார்வையில் இருக்கும் பகுதி. உங்கள் குடும்பம் அங்கே மட்டும் இறங்க வேண்டும். கடல் ஏறி இறங்குவதற்கேற்ப அந்தக் கொடிகளை அவர்கள் நகர்த்துவார்கள், நீங்களும் நகர வேண்டும். கோடையில் வழமையாகக் காலை பத்து முதல் மாலை ஆறு வரை அவர்கள் நிற்பார்கள். முழுச் சிவப்புக் கொடி பறந்தால் எவரும் இறங்கக் கூடாது. செம்மஞ்சள் நிறக் காற்றுப்பை கட்டியிருந்தால், காற்றடைத்த மெத்தை, வளையம், பொம்மைப்படகு எதையும் தண்ணீருக்குக் கொண்டுபோகக் கூடாது. தரையிலிருந்து வீசும் காற்று அவற்றை நிமிடங்களில் ஆழ்கடலுக்குத் தள்ளிவிடும். போனவுடன் ஓர் உயிர்காப்பாளரிடம் சென்று, இன்று எங்கே இறங்கலாம் என்று கேளுங்கள். கூச்சப்பட வேண்டாம், அந்தக் கேள்விக்குப் பதில் சொல்வதும் அவர்கள் வேலைதான். ஆற்று முகத்துவாரம் இருக்கும் மேற்கு முனைக்கு மட்டும் ஒருபோதும் நீந்தப் போகாதீர்கள். அங்கே படகுப் போக்குவரத்தும் உண்டு, ஆற்றின் இழுவையும் கடுமையானது.

ஓகஸ்டில்கூட இங்கே கடல்நீரின் வெப்பம் 17, 18 பாகை செல்சியஸ் அளவில்தான் இருக்கும். ஊர்க்கடலில் 28 பாகையில் குளித்துப் பழகிய உங்கள் அப்பா, உற்சாகத்தில் நேராகப் போய் மூழ்கி எழுந்தால் மூச்சு அடைத்துக்கொள்ளும். முதலில் காலையும் கையையும் நனைத்து, பிடரியில் தண்ணீர் தெளித்து, மெதுவாக இறங்கச் சொல்லுங்கள். தண்ணீரில் தடுமாற நேர்ந்தால் நீந்த முயன்று போராடக் கூடாது. தலையைப் பின்னால் சாய்த்து, காதுகள் நனைய, கைகால்களை மெல்ல அசைத்து மிதந்துகொண்டு, மூச்சு சீரான பிறகு கை உயர்த்தி உதவி கேட்க வேண்டும். இதைப் பிள்ளைகளுக்கு நீச்சல் குளத்தில் ஒருமுறை பழக்கிவிட்டால் ஆயுள் முழுவதும் உதவும். வேறு யாராவது தத்தளிப்பதைக் கண்டால், பின்னால் ஓடி இறங்காமல் உயிர்காப்பாளரைக் கூப்பிடுங்கள். அவர் அருகில் இல்லையென்றால் 999ஐ அழைத்துக் கடலோரக் காவல்படையைக் கேளுங்கள்.

பயணம் எளிதுதான். லண்டன் சென்ட் பான்கிரஸ் நிலையத்திலிருந்து விரைவு ரயிலில் நாற்பது நிமிடத்துக்குள் ஆஷ்ஃபர்ட் போய், அங்கே சிறிய டீசல் ரயிலுக்கு மாறினால், சதுப்புநில வயல்கள் வழியாக அரை மணிநேரத்துக்குள் ரை வந்துவிடும். அந்த இரண்டாவது ரயில் மணிக்கு ஒன்றுதான் என்பதால், ஆஷ்ஃபர்ட்டில் இணைப்பைத் தவறவிடாதபடி பயணத்தைத் திட்டமிடுங்கள். ரை நிலையத்திலிருந்து கேம்பருக்குப் பேருந்து உண்டு. நடப்பதிலும் சைக்கிளிலும் விருப்பம் உள்ளவர்களுக்கு ரையிலிருந்து கேம்பர் வரை 2ஆம் எண் தேசிய சைக்கிள் பாதை செல்கிறது. கார் இல்லாதது உண்மையில் உங்களுக்கு ஆதாயம். கேம்பருக்குப் போகும் சாலை ஒன்றே. வெயில் நாட்களில் காலை பத்து மணிக்குப் பிறகு அதில் வாகனங்கள் ஊர்ந்தபடி நிற்கும், நிறுத்துமிடங்களும் நிரம்பிவிடும். அந்த நெரிசலில் பேருந்தும் மாட்டிக்கொள்ளும் என்பதால், லண்டனிலிருந்து முடிந்தவரை முதல் ரயில்களில் ஒன்றைப் பிடியுங்கள். முடியுமானால் சனி, ஞாயிறைத் தவிர்த்துவிடுங்கள்.

மேற்குப் பக்கத்தில் குன்றுகள் உயரமானவை. பொடிமணலில் ஏறி இறங்குவது முதியவர்களின் முழங்காலுக்குச் சிரமம். ஊரின் நடுப்பகுதியில் இறங்கி, கழிப்பறையும் கடைகளும் அருகில் இருக்கும் இடமாகப் பார்த்து அமர்ந்துகொள்வது நல்லது. கிழக்கே புரூம்ஹில் பக்கம், பெரிய பட்டத்தின் இழுப்பில் அலைமேல் சறுக்கும் கைட் சர்ஃபிங் செய்பவர்களின் இடம், பார்க்க அழகு, குளிக்க ஏற்றதல்ல. அதற்கும் அப்பால் லிட் இராணுவச் சுடுபயிற்சித் திடல்; அங்கே சிவப்புக் கொடி ஏறியிருந்தால் அந்தத் திசையில் நடக்கவே கூடாது.

குன்றுகளைக் கட்டிப் பிடித்திருப்பது மர்ரம் என்ற ஒருவகைப் புல். அதன் இலை ஒன்றை, பறிக்காமல், விரல்களுக்கு நடுவே பிடித்துப் பாருங்கள்: வெளிப்புறம் வழுவழுப்பாகவும், உள்பக்கம் மடிந்து குழல்போல் சுருண்டும் இருக்கும். காற்றிலும் வெயிலிலும் ஈரத்தை இழக்காதிருக்க அது செய்துகொண்ட ஏற்பாடு அது. மணல் மேலே விழுந்து மூடினால் சாகாமல், அந்த மணலுக்குள்ளேயே புதிய வேர்விட்டு மேலே வரும். ஆனால் மனிதக் காலடி தொடர்ந்து பட்டால் அது தாங்காது; ஒரு பாதை உருவாகிவிட்டால் காற்று அதன் வழியே நுழைந்து குன்றையே அறுத்துவிடும். மரச்சட்ட வேலிகள் நட்டு வைத்திருப்பது அதனால்தான். வேலிக்கு அப்பால் பிள்ளைகளை விடாதீர்கள். குன்றுகளில் நெருப்பு மூட்டுவதும் கூடாது. 2025 நவம்பரில் கழிவுநீர் நிலையம் ஒன்றிலிருந்து வெளியேறிய சிறு பிளாஸ்டிக் மணிகள் ஏராளமாக இந்தக் கரையில் ஒதுங்கி, தன்னார்வலர்கள் மணலைச் சலித்து எடுக்க வேண்டியிருந்தது. மிளகளவில் கறுப்பு மணிகள் கண்ணில் பட்டால் பிள்ளைகள் வாயில் போடாதபடி பார்த்துக்கொள்ளுங்கள்.

சாப்பாடு கொண்டுபோவதானால், சோறு கறியை விட ரொட்டியில் சுற்றியவை, கட்லட், பழம் போன்றவை வசதி. காற்றில் மணல் பறக்கும்போது திறந்த பாத்திரத்தில் எதையும் சாப்பிட முடியாது. நிழல் தரும் மரம் ஒன்றுகூட இல்லை என்பதால் தொப்பியும், சிறு கூடாரமோ காற்றுத் தடுப்புத் துணியோ அவசியம். கூட்ட நாட்களில் பிள்ளைகள் வழிதவறுவது இங்கே எளிதில் நடக்கும்: எல்லாக் குன்றுகளும் ஒன்றுபோலவே தெரியும், கடல் இடம் மாறுவதால் தண்ணீரை அடையாளமாக வைத்துத் திரும்பி வரவும் முடியாது. பிள்ளைகளின் மணிக்கட்டில் உங்கள் தொலைபேசி எண்ணை எழுதிவிடுங்கள். கொடியையோ கட்டடத்தையோ காட்டி, காணாமல் போனால் அங்கே போய் நிற்கும்படி சொல்லிவையுங்கள்.

மாலையில் திரும்பும் வழியில் ரையில் ஒரு மணிநேரம் இருந்தால், உருளைக்கற்கள் பாவிய மெர்மெய்ட் தெருவைப் பார்க்கலாம். பெற்றோருக்கு அந்த ஏற்றம் கடினமாக இருந்தால் கீழே தேநீர்க் கடையில் அமரச் செய்யுங்கள். நேரமுள்ளவர்களுக்கு நான் இன்னும் அதிகமாகப் பரிந்துரைப்பது, ஆற்றுக்கு மேற்கே, ரைக்கும் வின்செல்சிக்கும் நடுவே புல்வெளியில் தனித்து நிற்கும் கேம்பர் கோட்டை. 1287ஆம் ஆண்டுப் பெரும்புயல் பழைய வின்செல்சி நகரை அழித்து, ரொதர் ஆற்றின் வாயையே ரைப் பக்கம் திருப்பிவிட்டது. பின்னர் எட்டாம் ஹென்றி மன்னன் இங்கிருந்த கப்பல் தங்குமிடத்தைக் காக்க ஒரு கோபுரத்தைக் கட்டி, 1539 முதல் 1543 வரை அதைப் பீரங்கிக் கோட்டையாக விரிவாக்கினான். நூறு ஆண்டுகள்கூட ஆகவில்லை. மணலும் சேறும் சேர்ந்து கடல் விலகிப்போனதால், 1637இல் படையை அகற்றிவிட்டார்கள். கடலைக் காக்கக் கட்டிய அந்தக் கோட்டையைச் சுற்றி இன்று ஆடுகள் மேய்கின்றன. ரையிலிருந்து தட்டையான பாதைதான். உங்கள் அப்பாவால் எளிதாக நடக்க முடியும். உள்ளே போவதற்கு எப்போதும் திறந்திருக்காது, வெளியிலிருந்து சுற்றிப் பார்க்கத் தடையில்லை. லண்டனுக்கான கடைசி இணைப்பு ரயில் எத்தனை மணிக்கு என்பதைக் காலையிலேயே குறித்துக்கொண்டு போங்கள்.